பழைய 407-இல் தட்டல் சத்தம்: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

சத்தம் என்றதும் இன்ஜினை இறக்கச் சொல்லும் பட்டறைகள் உண்டு. "கெட்டி ஆயில் ஊத்தி ஓட்டுங்கண்ணே, அடங்கிடும்" என்று அனுப்பிவிடும் பட்டறைகளும் உண்டு. இரண்டாவது வகைதான் எனக்குக் கூடுதல் கோபம் தருகிறது. கெட்டி ஆயில் தேய்மானத்தைக் குறைக்காது. சத்தத்தை மட்டும் கொஞ்ச நாள் மூடிவைக்கும். அதற்குள் கிராங்க் போய்விடும்.

நாமக்கல்லில் முட்டை ஏற்றும் பழைய டாடா 407 ஒன்றை, இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியோடுதான் பரிசோதித்தேன். 407 சந்தைக்கு வந்தது 1986இல். இந்த வண்டியில் இருப்பது 497 இன்ஜின்: 4 சிலிண்டர், 97 மி.மீ. போர், 2,956 சிசி. சென்சாரை நம்பி ஓடும் இன்ஜின் அல்ல, பழைய பம்பு வகை. உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும். இத்தனை வயதான வண்டிக்குச் செலவு செய்யலாமா என்று யோசிக்கவே இடம் தருவது அதுதான்.

முதலில், சத்தம் எப்போது வருகிறது என்று பார்த்தேன். பிஸ்டன் ஆடினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டும், சூடேறியதும் குறையும். இந்த வண்டியில் நேர்மாறாக, சூடேறி ஆயில் இளகிய பிறகுதான் தட்டல் தெளிவாகக் கேட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்னும் கூடியது. டாப்பெட் என்றால் இன்ஜின் சுற்றில் பாதி வேகத்தில்தான் தட்டும். ஐடிலில் 800 சுற்று ஓடினால் ஒரு வால்வுக்கு நிமிடத்துக்கு 400 தட்டு. இங்கே கேட்டது அதைவிட வேகம், அடியிலிருந்து வரும் கனத்த ஒலி. ஃபீலர் கேஜ் வைத்தும் பார்த்தோம், டாப்பெட் இடைவெளி சரியாகவே இருந்தது.

அடுத்தது பைப் நட்டு சோதனை. ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். மூன்றாவது சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் அடங்கியது. இது நாசில் கோளாறாகவும் இருக்கலாம் என்பதால் மூன்றாவது நாசிலை ஒன்றாவதுக்கு மாற்றிப் பூட்டினோம். சத்தம் கூடவே போகவில்லை, மூன்றிலேயே நின்றது. ஆகவே நாசில் இல்லை, கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங். ஒரு எச்சரிக்கை: காமன் ரெயில் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் மாட்டினோம். சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் தாழ்ந்தது, வேகம் கொடுத்ததும் ஏறியது. சம்பைக் கழற்றினால், அடியில் மினுமினுக்கும் பொடி. மூன்றாவது பேரிங் ஷெல்லின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது.

முடிவைத் தீர்மானித்தது கிராங்க் பின்தான். அதில் மெல்லிய கோடுகள் இருந்தாலும் நகம் சிக்கவில்லை. மைக்ரோமீட்டரில் குறுக்கும் நெடுக்கும் அளந்தோம். முட்டை வடிவமாகத் தேயவில்லை, அளவும் வரம்புக்குள் இருந்தது. கோடு ஆழமாக விழுந்திருந்தால் இன்ஜினை இறக்கி, கிராங்கைக் கடைந்து, எல்லாப் பின்னுக்கும் கடைந்த அளவுக்கேற்ற 'பத்து சைஸ்' ஷெல் போட வேண்டியிருக்கும். இப்போது ஷெல் செட்டை அடியிலிருந்தே மாற்றிவிடலாம்.

இன்ஜின் மட்டும் நன்றாக இருந்து பயனில்லை என்பதால் மற்றதையும் பார்த்தேன். பிரீதரில் புகை அடிக்கவில்லை. லைனரும் ரிங்கும் இன்னும் தாங்கும். சேசிஸில் பட்டை பிராக்கெட் பக்கம் விரிசல் இல்லை. கேபின் தரை மட்டும் துருப்பிடித்திருக்கிறது, அது டிங்கர் வேலை. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., பதினைந்தைத் தாண்டினால் கட்டணமும் பல மடங்கு. சேசிஸ் விரிசல் விட்டிருந்தால், அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்து, இன்ஜினில் கை வைக்காமலே விற்றுவிடச் சொல்லியிருப்பேன்.

இந்த 407-ஐச் சரிசெய்யலாம், ஆனால் உடனே. நான்கு ராடுக்கும் புது ஷெல், புது ராடு போல்ட், டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்க வேண்டும். சம்ப் கழன்றிருக்கும்போதே ஆயில் பம்பையும் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கியர் தேய்ந்த பம்பைத் திரும்பப் பூட்டினால் புது ஷெல்லும் அதே வழியில் போகும்.