கம்பி எங்கே?

கலைப் படைப்பொன்றில் என்ன இருக்கிறது என்று கேட்பது விமரிசனத்தின் முதல் வேலை. என்ன இல்லை என்று கேட்பது அதன் இரண்டாவது வேலை. முதலாவதை நாம் ஓரளவு பழகியிருக்கிறோம். ஒரு கதையைக் கையிலெடுத்தால் பாத்திரம், சம்பவம், நடை என்று எண்ணிக் கணக்குப் பார்த்துவிடுகிறோம். இரண்டாவது வேலையை எனக்குக் கற்பித்தது ஒரு சிறுத்தையின் படம்.

கொழும்புக்குச் சுற்றுலாச் செல்லும் வடபகுதிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிசாலை தவறாத தரிப்பிடம். போர் அறுத்துப்போட்ட புகையிரதப் பாதை 2014இல் யாழ்ப்பாணம் வரையும், 2015 தொடக்கத்திற் காங்கேசன்துறை வரையும் மீண்டும் பொருத்தப்பட்டதன் பின் சுன்னாகத்திலேயே வண்டியேறிவிடலாம். அப்படிப் போன உயர்தர வகுப்பு மாணவனொருவன், கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் தன் மாமனுடைய கமராவையும், ஸ்ரூடியோக்காரர் ‘ரெலி லென்ஸ்’ என்று சொல்லும் தொலைவில்லை ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தான். அவன் எடுத்த சிறுத்தையின் முகம் எங்கள் சுவர்ப் பத்திரிகையின் நடுவில் இடம்பெற்றது. மீசையின் ஒவ்வொரு மயிரும் எண்ணத்தக்க தெளிவு. பின்புலம் முழுதும் கரைந்து பச்சை மங்கலாகியிருந்தது. கீழே அவன் எழுதிய தலைப்பு: ‘காட்டின் சுதந்திரப் புதல்வன்’.

படம் அழகானது, அதை மறுப்பது பொய். ஆயினும் தலைப்பைப் படித்ததும், “தம்பி, கம்பி எங்கே?” என்று கேட்டேன். “கம்பி விழுந்தாற் படம் பழுதாய்ப் போயிடும், சேர். அதை இல்லாமற் பண்ணத்தானே இந்த லென்ஸ்” என்றான் அவன். கெட்டிக்காரத்தனத்தோடு சொல்லப்பட்ட அந்த விடை என்னைப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

கம்பி இல்லாமற் போனது எப்படி? இதில் மந்திரம் எதுவுமில்லை. முழுச்சட்டக் கமராவிற் சாதாரண வில்லை எனப்படும் 50 மில்லிமீற்றர் வில்லை ஏறக்குறைய 46 பாகை அகலமான காட்சியை உள்வாங்கும். 300 மில்லிமீற்றர்த் தொலைவில்லை உள்வாங்குவதோ எட்டுப் பாகையளவுதான். ஆக, கூட்டின் சுவரும், சீமெந்துத் தரையும், தண்ணீர்த் தொட்டியும், பக்கத்தில் நின்று கடலை கொறிப்பவரும் முதலிலேயே வெளியே தள்ளப்பட்டுவிடுகின்றனர். எஞ்சுவது முன்னாலுள்ள கம்பி. வில்லையின் துவாரத்தை நான்காம் எண்ணுக்குத் திறந்து வைத்தால் அதன் வாய் ஏழரைச் சென்றிமீற்றர் அகலம். கம்பியின் தடிப்போ ஒரு சென்றிமீற்றர். கம்பியை ஒட்டி வில்லையை நிறுத்தி, அப்பால் நிற்கும் விலங்கிற் குவியத்தை வைத்துவிட்டால், கம்பியின் இருபுறத்தாலும் புகும் ஒளி படத்தைத் தீட்டிவிடுகிறது. கம்பி ஒரு மெல்லிய புகையாகித் தொலைகிறது. வெயில் படும் கம்பி வெண்படலமாய் விழுந்துவிடுமென்பதால், நிழலிலுள்ள கம்பியைத் தேடி நிற்பது தொழிலறிந்தவர் வழக்கம். அதே துவாரத்தைப் பதினாறாம் எண்ணுக்கு ஒடுக்கினால் வாய் இரண்டு சென்றிமீற்றருக்குள் அடங்கிவிடும். கம்பியின் கறுப்புத் தழும்பு படத்தின் குறுக்கே தெரியத் தொடங்கும்.

எனவே கம்பி தெரிவதும் தெரியாததும் கருவியின் விதியன்று. கருவியைப் பிடித்த கையின் தீர்மானம். தீர்மானம் எங்கே உண்டோ அங்கே விமரிசனத்துக்கு இடமுண்டு.

ஆனால் கம்பியை முதலில் மறைத்தவன் புகைப்படக்காரன் அல்லன், வியாபாரி. ஹம்பேர்க் நகரத்து விலங்கு வணிகன் கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஸ்ரெலிங்கன் என்ற இடத்தில் ஒரு புதுவித மிருகக்காட்சிசாலையைத் திறந்தான். அங்கே கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள் வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம் பாயும் என்று அளந்து, அதற்கு மேலாக அகழியின் அகலம் வகுக்கப்பட்டது. பார்வையாளன் நிற்கும் கோணத்திலிருந்து அகழி தெரியாது. சிங்கம் வெட்டவெளியில் உலாவுவதாகவே தோன்றும். சிறை ஒழியவில்லை, சிறையின் அடையாளம் மாத்திரம் ஒழிந்தது. காசு கொடுத்து வருபவனின் மனச்சாட்சிக்கு இதமளிக்கும் ஏற்பாடு அது. விலங்குக்கு இடம் சற்று அகன்றதென்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த ஹாகன்பெக் விலங்குகளை மட்டும் காட்சிக்கு வைத்தவனல்லன். 1870களின் நடுப்பகுதியிலிருந்து வடதுருவ மக்களையும் ஆபிரிக்க மக்களையும் கொண்டுபோய், குடிசையோடும் கால்நடையோடும் ஐரோப்பிய நகரங்களில் நிறுத்திக் கட்டணம் வசூலித்தான். 1880களில் இலங்கையரும் யானைகளோடு அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவனுடைய மாற்றாந்தாயின் மகனான ஜோன் ஹாகன்பெக் இலங்கையிலே தங்கி விலங்கு வணிகம் நடத்தியவன். தெஹிவளையில் விலங்குத் தோட்டத்தை நிறுவியவன் அவனே. அவனுடைய நிறுவனம் முறிந்தபோது, 1936இல் அன்றைய இலங்கை அரசு அதனைப் பொறுப்பேற்றது. எங்கள் மாணவன் கமராவோடு நின்ற இடத்தின் பூர்வீகம் இதுதான். குடியேற்ற நாடுகளின் காடுகளை வாரிச் சென்ற ஒரு வணிகத்தின் கிளைக் கிட்டங்கி, பின்னர் தேசியப் பூங்காவாயிற்று.

இங்குள்ள சிறுத்தை நம் நாட்டுக்கேயுரிய உபஇனம். வேறெங்கும் இயற்கையில் வாழாதது. அதன் விஞ்ஞானப் பெயரின் ஈற்றிலுள்ள ‘கொட்டியா’ சிங்களச் சொல். சோதனைச் சாவடிகளில் அச்சொல் தம்மீது எறியப்படக் கேட்டு வளர்ந்த தலைமுறையொன்று இங்கு உண்டு. ஆனால் அது வேறு கட்டுரை.

கம்பியைக் கண்ணிலிருந்து அகற்ற மறுத்த கலைஞரும் இருந்தனர். பாரிஸ் நகரத்துத் தாவரப் பூங்காவில் அடைபட்டிருந்த சிறுத்தையைப் பற்றி ஜேர்மன் மொழிக் கவிஞன் ரில்கே 1902 அளவில் ஒரு கவிதை எழுதினான். நூலாக அது வெளிவந்ததும் ஸ்ரெலிங்கன் திறக்கப்பட்ட அதே 1907இல்தான். ரில்கேயை முற்போக்காளரென்று எவரும் சொல்லார். உள்மனத்தில் ஒதுங்கியவன் என்றுதான் நம்மவர் அவனைத் தள்ளிவைப்பர். ஆயினும் அக்கவிதையின் முதற்பொருள் கம்பியே. விலங்கின் அழகைப் பாடப் புகுந்தவன், கம்பி அவ்விலங்கின் பார்வையை என்ன செய்துவிட்டது என்பதைச் சொல்லாமல் அதன் நடையைச் சொல்ல முடியாதென்று கண்டான். முற்போக்குச் சொற்களைத் தாராளமாக வீசிவிட்டுக் கம்பியைக் காணத் தவறும் கவிதைகளைவிட இது மேலானதென்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

புகைப்படத்திலும் உதாரணம் உண்டு. அமெரிக்கரான காரி வினோகிராண்ட் 1960களில் நியூயோர்க் நகர மிருகக்காட்சிசாலையில் எடுத்த படங்கள் 1969இல் ‘விலங்குகள்’ என்ற தலைப்பில் நூலாயின. அவர் கையாண்டது தொலைவில்லைக்கு நேர் எதிரான அகலவில்லை. அதனாற் கம்பியும் விழுந்தது, குப்பையும் விழுந்தது. முக்கியமாக, கம்பிக்கு இப்பால் நின்ற மனிதனும் விழுந்தான். எவர் எவரை வேடிக்கை பார்க்கிறார் என்ற ஐயம் அப்படங்களைப் பார்ப்பவருக்கு எழாமற் போகாது. அவை அழகான படங்களல்ல. எங்கள் மாணவனின் சிறுத்தைக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பரிசுக் குழுவும் அவற்றை ஒதுக்கிவிடும்.

மார்க்சிய விமரிசகர் ஜோன் பேர்ஜர் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், அன்றாட வாழ்விலிருந்து விலங்குகள் மறையத் தொடங்கிய காலத்திற்றான் மிருகக்காட்சிசாலைகள் தோன்றின என்றும், அங்கே மனிதனும் விலங்கும் ஒருவரையொருவர் உண்மையிற் காண்பதில்லை என்றும் வாதித்தார். ஐரோப்பிய நகரத்தானுக்கு அது பொருந்தும். காலையில் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அது முழுதாகப் பொருந்துமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்டின் கண்ணை அறிந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஒருவன், கமரா கைக்கு வந்ததும், கயிறும் கட்டையும் இல்லாத ஒரு விலங்கைப் படைக்க ஆசைப்பட்டதே எனக்கு வியப்பு.

இன்னொன்றும் அந்தப் படத்தில் இல்லை: காலம். கூட்டில் அடைபட்ட ஊனுண்ணி ஒரே தடத்திற் போவதும் திரும்புவதுமாய் மணிக்கணக்காக நடக்கும். பார்த்தவர் அனைவரும் அறிந்த காட்சி. ஒரு நொடியின் ஐந்நூறிலொரு பங்கில் எடுக்கப்படும் படம் அந்த நடையை அறுத்து, தலை நிமிர்ந்த ஒரு கணத்தை மாத்திரம் வைத்துக்கொள்கிறது. தலை நிமிர்ந்தது ஏன்? இறைச்சி வண்டியின் ஓசை கேட்டு என்று, நான் கேட்டபோது மாணவனே சொன்னான். படத்திலே அது காட்டரசனின் கம்பீரம்!

அப்படியானால் தொலைவில்லையைத் தூக்கியெறிய வேண்டுமா? கருவிமீது கோபிப்பது பேதைமை. காட்டிலே அதே வில்லை விலங்குக்குச் செய்யும் மரியாதையாகும்; ‘நான் அருகே வரமாட்டேன், நீ உன் இடத்தில் இரு’ என்று சொல்வதாகும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) பல்வேறு உறுப்புகளைத் தாமே பொருத்திக்கொண்ட கமராவோடு தென்னிந்தியக் காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் பிறவற்றையும் எடுத்தார். அவர் ஒரு நல்ல தமிழ் எழுத்தாளருமாவார் என்பதை நம் பாடநூற்காரர் நினைப்பதில்லை. இயற்கையை விலங்கும் மரமும் நிலமுமாக ஒருங்கே அறிந்தவரின் கண் அது. மறுபுறம், இன்று யால காட்டிற் சிறுத்தையொன்று தென்பட்டால் ஜீப் வண்டிகள் நெருக்கியடித்துச் சூழ்ந்துகொள்கின்றன. அங்கே எடுக்கப்படும் படத்திலும் ஜீப் விழுவதில்லை. காட்டிற் கம்பியில்லைதான், ஆனால் மறைக்கப்படுவது ஒன்று அங்கேயும் உண்டு.

கம்பி விழுந்த படங்களுக்கு ஒரு தனிப் பயனும் உண்டு. ‘குவாகா’ என்ற ஆபிரிக்க வரிக்குதிரை இனத்தின் கடைசி விலங்கு 1883இல் அம்ஸ்ரடாமில் இறந்தது. உயிரோடு அதைக் காட்டும் படங்கள் லண்டன் மிருகக்காட்சிசாலையில் எடுக்கப்பட்டவையே. தஸ்மேனியாவின் கடைசிப் பைப்புலி 1936 செப்ரெம்பரிலே ஹோபாட் நகரத்துக் கூட்டில் மாண்டது. 1933இல் அவ்வினத்தின் விலங்கொன்றை எடுத்த ஓடும் படத்திற் கம்பிவலையும் கூடவே ஓடுகிறது. அந்த வலையை யாராவது துடைத்துவிட்டிருந்தால், அவ்வினம் எவ்வாறு முடிந்தது என்பதன் சாட்சியத்தையே துடைத்திருப்பர்.

இவ்வளவும் விலங்குகளைப் பற்றியது. இனி மனிதரைப் பற்றிப் பேசுகிறேன். மனிதரை விலங்கோடு ஒப்பிடுவதற்காக அன்று, அதை ஹாகன்பெக் செய்து முடித்துவிட்டான். பார்ப்பவனின் இடம் எது என்பதே என் கேள்வி.

2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் செட்டிக்குளம் முதலிய இடங்களின் முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். அன்றைய படங்களிற் கம்பி தெரிந்தது. கம்பியைப் பிடித்த விரல்களும் தெரிந்தன. அதன்பின் வந்த ஆண்டுகளில் வேறொரு வகைப் படம் பெருகியது. அழும் தாயொருத்தியின் முகம். சுருக்கங்கள் யாவும் துல்லியம். பின்னால் அழகிய மங்கல். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தையும் இப்படி எடுத்தவர் பலர். அம்மங்கலுக்குள் என்ன இருந்தது? அவர்களின் கோரிக்கை எழுதிய பதாகை இருந்தது. வீதியோரத்தில் நின்று குறிப்பெடுத்த ஆளும் இருந்திருப்பான். துயரம் கையில் தரப்படுகிறது; துயரத்தை உண்டாக்கியது குவியத்துக்கு வெளியே போய்விடுகிறது. பார்ப்பவன் கண்கலங்கிப் பக்கத்தைப் புரட்டலாம். யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லை.

நம் எழுத்தும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் இதே சுன்னாகத்திலிருந்துதான் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியைத் தாங்கிக்கொண்டே யாழ்ப்பாணம் சென்றது. அதற்கு முன்னும் பின்னும் ஒடுக்கப்பட்டோரைப் பற்றி எழுதிக் குவிக்கப்பட்ட கதைகளை மாணவருக்காகத் திரும்பப் படிக்கும்போது, எத்தனையோ கதைகளில் ஏழையின் கண்ணீர் மீசைமயிர் போலத் தெளிவாயிருக்கிறது. காணியுறுதி எவர் பெட்டியில் இருக்கிறது என்பது பச்சை மங்கல். கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நடையிற் கரடுமுரடானது. சில அத்தியாயங்கள் கூட்டப் பேச்சாகவே நீள்கின்றன. இருந்தும் அந்நாவல் நிலைப்பது ஏன்? கிணறு, கோயில், தேநீர்க்கடை, நிலம், நிலத்துக்குடையவன் எல்லாம் ஒரே சட்டத்துள் நிற்கின்றன. டானியல் வேலிக்கு எந்தப் பக்கம் பிறந்தாரென்பதும் இதற்கொரு காரணம். வேலியின் மறுபக்கத்திலிருந்து, நல்ல மனத்தோடு, நீண்ட வில்லையோடு எழுதியவர்களின் படைப்புக்களிலே வேலி விழவில்லை; எழுதியவர் நிற்கும் இடமும் விழவில்லை. நானும் மாணவப் பருவத்தில் அப்படி நாலைந்து கதைகள் எழுதினேன். அவை அச்சேறாதது என் அதிர்ஷ்டம்.

மாணவனிடம் அன்றைய மற்றப் படங்களைக் கேட்டேன். கழித்துவிட்டேன் என்றவன், இரண்டு நாளின் பின் ஒன்றைக் கொண்டுவந்தான். வில்லையை மாற்ற நேரமில்லாமற் கைத்தொலைபேசியில் எடுத்தது. வர்ணம் உரிந்த கம்பிகள். உள்ளே தரை கழுவும் தொழிலாளி. இன்னொரு தடுப்புக்கு அப்பால் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் சிறுத்தை. ஓரத்தில், வாயைப் பிளந்து நிற்கும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் மூவர், வெள்ளைச் சீருடையில். அதையும் முதற்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். முதற்படத்தை அகற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவனும் அகற்றவில்லை. தலைப்பை மட்டும் கிழித்துவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக ‘தெஹிவளை, பிற்பகல் 3 மணி’ என்று எழுதினான். உயிரியல் படிப்பிக்கும் என் நண்பர், அந்த இரண்டாவது படம் சுவரைப் பழுதாக்குகிறதென்று ஆசிரியர் அறையில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.