களத்து ஆரவாரமும் வன்னிச் சவாரியும்

விளையாட்டுக் களத்திலே பார்வையாளர் எழுப்பும் ஆரவாரமும் அவர் கைக்கொள்ளும் கொடி, பறை முதலியனவும் ஆங்கிலக் கல்லூரிகளோடு ஈழத்திற்கு வந்தன என்பார் பலர். கொழும்பில் 1879 இல் தொடங்கிய றோயல் - தோமையர் துடுப்பாட்டத்தையும், யாழ்ப்பாணத்தில் 1904 இல் தொடங்கிய மத்திய கல்லூரி - பரி. யோவான் கல்லூரிப் போட்டியையும் அவர் சான்று காட்டுவர். கல்லூரி நிறங்களைத் தாங்கிய கொடிக்கும் 'பப்பரே' வாத்தியத்திற்கும் இக்கூற்றுப் பொருந்தும். ஆரவாரத்திற்கும் பொருந்துமோ எனின், பொருந்தாது.

வன்னியின் மாட்டுவண்டிச் சவாரியை நோக்குக. இரட்டை எருது பூட்டிய வண்டிகள் ஒருங்கே விரைய, திடலின் இருமருங்கும் நிற்போர் கூவுகின்றனர். அக்கூவல் தம் உவகையை வெளியிடுதற்கு மட்டுமன்று. எருதின் செவியில் விழுந்து அதனை உந்தவும் செய்கின்றது. துடுப்பாட்டத்திலோ எத்துணை முழங்கினும் பந்து கேளாது. சவாரியிற் பார்ப்போனும் ஒருவகையால் ஆடுவோனே.

இவ்வோசை வன்னி உழவர்க்குத் தொழிலோசையுமாகும். விளைந்த பயிரை யானையினின்றும் பன்றியினின்றும் காத்தற்குப் பரணிலிருந்து இரவெல்லாம் கூவுதலும் தகரம் தட்டுதலும் அவர்தம் வழக்கம். முல்லைக்கலியில் ஆயர் மகளிர் பரண்மீது நின்று ஏறுதழுவுதலைக் கண்டமை பேசப்படுகின்றது. காவலுக்கும் காட்சிக்கும் பரண் ஒன்றே போலும்! இதுகொண்டு சவாரியைச் சங்ககாலத்தது என நிறுவப்புகுதல் மிகையாம். ஒப்புமை வேறு, வழிமுறை வேறு. ஆயினும் காவற்கருவி களத்திற்கு வருதல் இயல்பே என்பதற்கு இங்கிலாந்தே சான்று. அந்நாட்டு உதைபந்தாட்டக் களங்களிற் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரசிகர் சுழற்றிய மரக் கிலுகிலுப்பை, முன்னர் வயலிற் பறவை ஓட்டுவோர் கையிலும் இராக்காவலர் கையிலும் இருந்தது. உலகப்போர்க் காலத்தில் நச்சுவாயு எச்சரிக்கைக்கும் பயன்பட்டது. ஆங்கிலேயர் கருவியும் வயலிலிருந்தே வந்ததாயின், வன்னியார் தம் ஆரவாரத்திற்குக் கல்லூரியைத் தேடுவானேன்?

கட்சி பிரிந்து நிற்றலும் கல்லூரி தந்ததன்று. மட்டக்களப்பிற் கண்ணகி வழிபாட்டோடு இயைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, பிணைத்த கொம்புகளைக் கயிறு பூட்டி இழுப்பர். வென்றார் தோற்றாரை வசைபாடுவர். கல்லூரி நிறம் கல்வியோடு வருவது. சேரியோ பிறப்போடு வருவது. இப்பற்று அளவிறப்பின் கேடாம். கொன்சுதாந்திநோப்பிளில் நீலர், பச்சையர் எனப் பிரிந்து தேரோட்டம் கண்ட கூட்டம் 532 இல் அரசனுக்கெதிராகக் கிளர்ந்தபோது ஏறத்தாழ முப்பதினாயிரவர் மாண்டனர் என்பர்.

சவாரியில் வெறுக்கத்தக்கது கூவலன்று, எருதை வருத்தும் தடியே. கூவியே ஓட்டும் திறம் மிகுமாயின் தடிக்கு வேலை குறையும். 2009 இல் முடிந்த போரிலே வன்னி மக்கள் வண்டியையும் எருதையும் கைவிட்டு இடம்பெயர்ந்தனர். மீள்குடியேறியபின் சவாரி மீண்டும் நிகழ்ந்தபோது வண்டிகள் புதியன; எருதுகள் புதியன. கூவத் தெரிந்த தொண்டை மட்டுமே பழையது.