சிரவணன் யார்?
மாதேஸ்வரர் சரிதையை ஒரு சமணன் படித்தபோது

மைசூரிலும் கொள்ளேகாலிலும் வாழும் நம் தமிழன்பர்களில் மாதேஸ்வரன் மலைக்குப் போகாதவர் குறைவு. மேட்டூர், கொளத்தூர் பக்கமிருந்து பாலாறு வழியாக வரும் கூட்டமும் கொஞ்சநஞ்சமல்ல. 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோவை மாவட்டத்தில்தானே இருந்தது! ஆனால் அந்த மாதேஸ்வரரின் சரிதையை முழுசாகக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கம்சாளெ என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு தேவரகுட்டர்கள் பாடும் கன்னட வாய்மொழிக் காப்பியம் அது. 1973இல் பி.கே. ராஜசேகர அதைத் தொகுத்து நூலாக்கினார். வேறொரு குழு பாடிய வடிவம் 2001இல் சாகித்ய அகாதெமி வழியாக ஆங்கிலத்தில் வந்தது. கடைக் கணக்கை முடித்த பிறகு, இரவுகளில் உட்கார்ந்து நான் படித்தேன்.

சேக்கிழார் பெருமானைப் படித்தவர்களுக்கு இதன் அமைப்பு புதிதல்ல. பெரியபுராணத்தில் குயவர் திருநீலகண்டர், மீனவர் அதிபத்தர், வேடர் கண்ணப்பர் என்று தொழிலுக்கொருவர் வருகிறார்கள். இங்கே ஆட்டு மந்தைக்காரர் ஜுஞ்சேகவுடர், செருப்பு தைக்கும் ஹரளய்யா, சோளிகர் குலத்து நீலேகவுடனின் மனைவி சங்கம்மா. ஒரு வித்தியாசம் உண்டு. நாயன்மார்கள் தாமாகவே கொடுப்பவர்கள். மாதப்பரோ கோபக்காரர், வணங்காதவரைப் படுத்தி எடுத்துத்தான் வழிக்குக் கொண்டுவருகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தேவர்களைச் சிறைபிடித்து ஏவல் செய்யவைத்த சிரவணன் என்ற அசுரனை, செருப்பு தைப்பவர் வேடத்தில் வந்து, செருப்பை அணிவித்தே மாதேஸ்வரர் அழிக்கிறார். சிரவணன் என்பது சிரமணன், அதாவது சமணன்தான் என்று சொல்வோர் உண்டு. சிரவணபெளகொளவின் பெயருக்கும் இதே விளக்கம் தருகிறார்கள். சம்பந்தர் காலத்துக் கழுவேற்றக் கதையைச் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்த என்னைப் போன்ற தமிழ்ச் சமணனுக்கு இது சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

ஆனாலும் தைக்கிறது வேறு, நிரூபணமாகிறது வேறு. பெரியபுராணத்தில் வரும் சமணருக்கு அடையாளம் உண்டு: பாய், மயிற்பீலி, மயிர் பறித்த தலை. நான் படித்த வடிவில் சிரவணனிடம் இதில் ஒன்றையும் காணோம். நோன்பில்லை, கொல்லாமை பற்றிய பேச்சில்லை, தீர்த்தங்கரர் பெயரும் இல்லை. தேவர்களை வேலைக்காரராக்கியவன் என்றால் நமக்கு நினைவு வருவது இராவணன். ஓசையிலும் சிரவணன் அவனுக்குத்தான் கிட்டே நிற்கிறான். ஒரு சொல்லின் ஒலியை மட்டும் வைத்து ஒரு சமயத்தையே அசுரனாக்குவது சரக்கைப் பார்க்காமல் மூட்டைமேல் எழுதிய பெயரை நம்பி விலை பேசுவது மாதிரி.

சமணர் நாமும் இதில் சளைத்தவர்களல்ல. நம் நீலகேசி பௌத்தரை வாதில் வீழ்த்துவதையே பெருமையாகப் பேசுகிறது. இதே சாமராஜநகர்ச் சீமையில், கனககிரி மலையூரைச் சேர்ந்த தேவசந்திரர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய இராஜாவளிகதெ, மன்னர், முனிவர், புலவர் சரிதைகளைச் சமணக் கண்ணால்தான் பார்க்கிறது. சரிதை எழுதுகிறவன் தன் ஊர்ப் படிக்கல்லைத்தான் தராசில் போடுவான். படிக்கிறவன்தான் நிறுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

அப்படி நிறுத்தால் இந்தக் காப்பியத்தின் கனமான பகுதி அசுரவதமல்ல, சங்கம்மாவின் கதை. தேனெடுக்கக் காட்டுக்குப் போகும் கணவன், மனைவியின் கற்பில் சந்தேகப்பட்டுச் சத்தியம் கேட்கிறான். பிள்ளையில்லாத அந்தப் பெண் மறுக்கிறாள், அதற்காகக் கொடுமைப்படுகிறாள். மாதேஸ்வரர் அவளைக் காத்து, காரய்யா, பில்லய்யா என்று இரண்டு பிள்ளைகளைத் தருகிறார். புராணப் பெண்கள் பலர் கேட்டவுடன் தீயில் இறங்கியவர்கள். இந்த மலைக்காட்டுப் பெண் சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறாள். கடவுளும் அவள் பக்கம் நிற்கிறார். இதைப் பாடிவைத்தவர்கள் ஏடறியாத எளிய மக்கள். எந்தச் சமயத்தாரும் அவர்களைக் கைகூப்பலாம்.

அடுத்த தடவை மலைக்குப் போகும் அன்பர்கள் தரிசனம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல், கம்சாளெ ஒலிக்கும் இடத்தில் சற்று உட்காருங்கள். கன்னடம் தெரிந்த நம் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பொருள் கேளுங்கள். சிரவணன் யார் என்ற வழக்கைப் புலவர்கள் தீர்க்கட்டும். சங்கம்மா யார் என்பதை நம் வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்ளட்டும்.