ஹார்னடேயும் ஐந்து தோட்டாத் துப்பாக்கியும்

வில்லியம் டெம்பிள் ஹார்னடே 1913-ல் எழுதிய ‘அவர் வானிஷிங் வைல்ட் லைஃப்’ புத்தகத்தை இப்பதான் முழுசா படிச்சு முடிச்சேன். அமெரிக்கக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் வரலாற்றில் இதைத் தாண்டிப் போக முடியாது. ஹார்னடே நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையின் இயக்குநர். பைசன் எருமை அடியோடு அழியாமல் தப்பியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. புத்தகத்தில் இருப்பது நிஜமான கோபம், அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அதில் ஒரு பெரும் பங்கு ஒரே பொருளின் மேல் போய் விழுது: செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன். பம்ப் துப்பாக்கியையும் அவர் விடலை. ஒரு நல்ல வேட்டைக்காரன் தொடக்கூடாத கொலை இயந்திரம் என்கிற தொனியில்தான் இரண்டையும் பற்றி எழுதுகிறார்.

அன்றைக்கு ஆட்டோமேட்டிக் ஷாட்கன் என்றாலே முதலில் நினைவுக்கு வந்தது ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பு. வின்செஸ்டர் கம்பெனியோடு ராயல்டி பேச்சு முறிந்து, ரெமிங்டன் தலைவரைப் பார்க்க பிரௌனிங் காத்திருந்தபோதே அந்தத் தலைவர் இறந்துபோக, அவர் பெல்ஜியத்துக்குப் போய் எஃப்.என். ஆலையில் அதைச் செய்ய வைத்தார். ரெமிங்டன் 1905-ல்தான் அதை அமெரிக்காவில் தயாரிக்க ஆரம்பித்தது. பின்னாளில் ஆட்டோ-5 என்று பேர் பெற்றது இதுதான். மேகசினில் நாலு, குழலில் ஒண்ணு, ஆக அஞ்சு தோட்டா.

இப்போ தேதிகளைப் பாருங்க. பயணிப் புறாக் கூட்டங்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டது 1870-களிலும் 80-களிலும். மிச்சிகனில் பெடோஸ்கி பக்கத்தில் கூடு கட்டிய பெரும் கூட்டத்தை வேட்டைக்காரர்கள் சூறையாடியது 1878-ல். ஆயுதம் வலையும் சாதாரணத் துப்பாக்கியும்தான். கூட்டம் எங்கே இறங்கியிருக்கு என்று சொல்லத் தந்தி இருந்தது, செத்த பறவையை நகரச் சந்தைக்குக் கொண்டுபோக ரயில் இருந்தது. பிரௌனிங் துப்பாக்கி கடைக்கு வந்தபோது அந்தப் புறாக் கூட்டம் ஏற்கெனவே முடிந்துபோன கதை. பைசனும் அப்படித்தான், அதை முடித்ததில் பெரும் பங்கு ஒரு தடவைக்கு ஒரே குண்டு சுடும் ரைஃபிளுக்கு. இதை ஹார்னடேக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பைசன் அழிந்த கதையை 1889-ல் எழுதியவரே அவர்தான். அதில் பேராசை, அரசின் அலட்சியம், தோல் வியாபாரம் எல்லாம் வருது, துப்பாக்கி பல காரணங்களில் ஒண்ணா நிக்குது. அவ்வளவு தெளிவாக எழுதிய மனுஷன் கால் நூற்றாண்டு கழிச்சு இயந்திரத்தை முன்னால் நிறுத்துவது ஏன்? சந்தையையும் ரயிலையும் திட்டுவதைவிடக் கைக்கு அடக்கமான ஒரு எதிரியைத் திட்டுவது சுலபம் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோணுது.

(நம்மூர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: இளைஞனாக இருந்தபோது 1870-களின் கடைசியில் இதே ஹார்னடே ஆனைமலைக் காட்டில் யானையும் புலியும் சுட்டவர். அருங்காட்சியகங்களுக்காகச் சேகரித்தார். ‘டூ இயர்ஸ் இன் த ஜங்கிள்’ என்று அதற்குத் தனிப் புத்தகமே உண்டு.)

அடுத்த விஷயம், இந்தத் துப்பாக்கி தானாகவே கொல்கிற யந்திரமா? அதன் உள்ளே பார்த்தால் அப்படித் தெரியலை. சுட்டதும் குழலும் போல்ட்டும் சேர்ந்தே பின்னுக்கு ஓடும். அப்புறம் குழல் மட்டும் முன்னுக்குத் திரும்பும், காலித் தோட்டா வெளியே விழும், கடைசியில் போல்ட் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னே போகும். இந்த ஓட்டத்துக்கு பிரேக் மாதிரி இருப்பது மேகசின் குழாயின் மேல் ஒரு சுருள்வில், ஒரு வெண்கலத் துண்டு, ஒரு எஃகு உராய்வு வளையம். கனமான தோட்டா போட்டால் எஃகு வளையத்தைச் சுருள்வில்லுக்கு முன்னால், வெண்கலத் துண்டை ஒட்டி வைக்கணும். லேசான தோட்டா என்றால் அதைக் கழற்றிச் சுருள்வில்லுக்குப் பின்னால் போடணும். மாற்றி வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். லேசான தோட்டாவில் குழல் போதுமான தூரம் ஓடாமல் காலித் தோட்டா சிக்கிக்கொள்ளும். கனமான தோட்டாவில் குழல் பின்னால் போய் ‘டமால்’ என்று மோதும், தோள் வலிக்கும், நாளாக ஆக இடது கை பிடிக்கிற மரம் விரிசல் விடும். பழைய ஆட்டோ-5 வாங்குகிறவர்கள் முதலில் அந்த மரத்தைக் கழற்றிப் பார்ப்பது இதனால்தான். எண்ணெய் விஷயமும் விசித்திரம். மேகசின் குழாயில் தாராளமாக எண்ணெய் பூசினால் உராய்வு குறைஞ்சு பிரேக் பிடிக்காது. துருப்பிடிக்காத அளவுக்கு லேசாகத் துடைத்தால் போதும். இன்னொண்ணு, 1991 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டையில் ஈய ரவை எங்கேயும் கூடாது. பழைய பெல்ஜியக் குழல்களோ எஃகு ரவைக்கு ஏற்றவை அல்ல. அதனால் தாத்தா துப்பாக்கியை வாத்துக்கு எடுத்துப்போகிறவர் விலை கூடிய பிஸ்மத் ரவை தேடணும், இல்லைன்னா குழலையே மாத்தணும்.

ஆக, அந்த ஆளுக்குத் தன் தோட்டா என்ன, வளையம் எங்கே என்று தெரிஞ்சிருக்கணும். ஹார்னடே புத்தகத்தில் இப்படி ஒரு ஆள் வருவதே இல்லை.

அதுக்காக அவர் சொன்னதெல்லாம் தப்பு என்று தள்ளிவிட முடியாது. ரெட்டைக்குழல்காரருக்கு இரண்டு வெடிக்கு அப்புறம் துப்பாக்கியை மடக்கித் தோட்டா போடணும், அதற்குள் கூட்டம் போய்விடும். அஞ்சு தோட்டாக்காரர் விலகி ஓடும் பறவைகளை நோக்கி இன்னும் மூணு வெடி வைக்கலாம். தூரம் கூடக் கூட, செத்து விழுவதைவிடக் காயம்பட்டுத் தப்புவது அதிகமாகும். இந்த இடத்தில் அவர் வாதம் நிக்குது. ஆயுதக் கம்பெனிகளின் பணத்தில் 1911-ல் ஒரு வேட்டைப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியபோது அதைச் சந்தேகத்தோடு பார்த்ததும் அவருடைய நல்ல மூக்குக்கு அடையாளம்.

எனக்கு நிஜமாகவே உறுத்துவது வேறொண்ணு. பென்சில்வேனியா 1907-ல் ஆட்டோமேட்டிக் துப்பாக்கியால் வேட்டையாடுவதைத் தடை செய்தது. 1909-ல் அதே மாநிலம் இன்னொரு சட்டம் போட்டது: குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் வேட்டையாடக் கூடாது, ஷாட்கன்னோ ரைஃபிளோ வைத்திருக்கவே கூடாது. ஒரு இத்தாலியர் எதிர்த்துப் போன வழக்கில் (பாட்ஸோன் வழக்கு, 1914) உச்ச நீதிமன்றமே அதைச் செல்லும் என்றது. ஹார்னடே இந்த மாதிரிச் சட்டத்தை மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொள்ளணும் என்று வாதாடுகிறார். தென் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகளும் தெற்கு மாநிலக் கறுப்பர்களும் பாட்டுப் பறவைகளைச் சுட்டுத் தின்கிறார்கள் என்று அத்தியாயங்கள் எழுதுகிறார். ‘எந்தத் துப்பாக்கி’ என்று ஆரம்பித்த கேள்வி, சத்தமில்லாமல் ‘யார் கையில்’ என்று மாறிவிடுகிறது. பணக்கார கிளப் மெம்பரிடம் ரெட்டைக்குழலுக்கு மாறுங்கள் என்று கெஞ்சும் அதே புத்தகம், இத்தாலியக் கூலியிடமிருந்து துப்பாக்கியையே பிடுங்கச் சொல்லுது. அந்தப் பக்கங்களை ‘அந்தக் காலம் அப்படி’ என்று தாண்டிப்போக எனக்கு மனசு வரலை. வாதத்தின் பலவீனம் அங்கேதான் வெளியே தெரியுது.

கடைசியில் மத்திய அரசு எடுத்த வழி தடை அல்ல. 1935-ல் வலசைப் பறவை வேட்டைக்கு மூணு தோட்டாவுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கிதான் செல்லும் என்று விதி வந்தது. மேகசினுக்குள் ஒரு மரக்குச்சியைச் செருகினால் வேலை முடிஞ்சது. அதே வருஷம் இரை போட்டு இழுப்பதும் உயிர் வாத்தைக் கட்டிவைத்து ஏமாற்றுவதும் தடையாச்சு. பறவைக்கு அதிகம் உதவியது இந்தப் பின்னிரண்டும்தான் என்பது என் கணிப்பு. துப்பாக்கியை விட்டுவிட்டு, நடக்கிற வேட்டையைப் பார்த்துப் போட்ட விதிகள் அவை.

1999-ல் நிலைமை தலைகீழாச்சு. ஆர்க்டிக் பகுதியில் ஸ்னோ கூஸ் என்ற வெள்ளை வாத்து பெருகி, தான் மேயும் நிலத்தையே மொட்டையாக்கியது. எண்ணிக்கையைக் குறைக்க அரசு தனி வேட்டைப் பருவம் கொண்டுவந்து, அதில் மேகசின் குச்சியை எடுத்துவிடலாம் என்று அனுமதித்தது. ஹார்னடே வெறுத்த அந்த நாலாவது, அஞ்சாவது தோட்டாவை, நிலத்தைக் காப்பாற்றுவதற்காகவே.