கத்தரியின் கௌரவம்

இரண்டு முகமாக நெருக்கிப் பின்னிய பாலியெஸ்டர் துணியான ஸ்கூபாவை விரும்புகிறவர்களில் ஒரு சாரார் அதன் வழுவழுப்பைப் புகழ்வார்கள்; மற்றொரு சாரார் அது உடம்போடு ஒட்டாமலும் உடம்பை விட்டு விலகாமலும் நிற்கும் நிலையைப் புகழ்வார்கள். இரண்டும் நியாயமான புகழ்ச்சிகளே. ஆயினும் இந்தத் துணியை வெட்டியும் தைத்தும் உடுத்தியும் பழகிய எனக்கு அதன் சௌந்தரியம் முழுவதும் வெட்டு விளிம்பில்தான் குடியிருப்பதாகத் தோன்றுகிறது. பருத்தியிலும் பட்டிலும் கத்தரி செய்த பிழையை ஊசி மறைத்துவிடும். மடித்து அடித்தோ, பைப்பிங் வைத்தோ, ஓவர்லாக் போட்டோ எந்த ஓரத்தையும் யோக்கியமாக்கிவிடலாம். பிசிறு விடாத ஸ்கூபாவிலோ வெட்டிய இடமே முடிந்த இடமாகையால், கத்தரியின் திறமை ஒளிவு மறைவின்றி வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

இந்தத் துணியின் கௌரவத்துக்குச் சாட்சியாக ஒரே ஓர் உடையை அழைத்தால் போதும் என்பது என் நம்பிக்கை. 2014 ஜூலையில், பாரிஸின் கிராண்ட் பாலே மண்டபத்தில், ஷனேல் ஆடை இல்லத்துக்காக கார்ல் லாகர்ஃபெல்ட் சிருஷ்டித்த வெள்ளை ஸ்கூபா மணப்பெண் உடையைத்தான் சொல்கிறேன். அதை அணிந்து வந்த மாடல் அப்போது கருவுற்றிருந்தார். நிறைந்த வயிற்றின்மேல் பட்டை உடுத்தினால் அது இழுபடும், அல்லது கூடாரமாக விரியும். இந்த ஸ்கூபாவோ அந்த உருவத்தை மறைக்கவும் முயலாமல், பறைசாற்றவும் முயலாமல், மார்புக்குக் கீழிருந்து ஒரே கம்பீரமான சாய்வாக இறங்கியது. முன்புறம் பெரும்பாலும் வெறும் வெண்மை. திரும்பி நடந்தபோதுதான் 20 அடி நீளமுள்ள பின்தானையும், அதன்மேல் பரவிய பொன்மயமான பரோக் வேலைப்பாடும் கண்ணில் பட்டன.

அந்த வேலைப்பாட்டின் கதை பிரசித்தமானது. லாகர்ஃபெல்ட் கையால் வரைந்த சித்திரத்தைக் கணினியில் சிறுசிறு சதுரங்களாகச் சிதைத்து, பொன் வர்ணத்தைக் கையால் தீட்டி, ரைன்ஸ்டோன் கற்களைச் சூட்டால் அழுத்திப் பதித்து, முத்துக்களையும் மணிகளையும் கையால் தைத்துச் சேர்த்தார்கள். இதற்கு வெவ்வேறு பட்டறைகளின் 450 மணி நேர உழைப்பு செலவாயிற்று. 2016-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் ஆண்ட்ரூ போல்டன் அமைத்த ‘மானுஸ் எக்ஸ் மாக்கினா’ கண்காட்சியில், குவிமாடத்தின் கீழ் நடுநாயகமாக நின்றது இந்த உடைதான். கையும் இயந்திரமும் பகைவரல்லர் என்று அந்தக் கண்காட்சி நிலைநாட்ட விரும்பிய சித்தாந்தத்துக்கு இதைவிடப் பிரத்தியட்சமான பிரமாணம் கிடைத்திருக்காது.

பார்த்தவர்களெல்லாம் பொன்னைப் பார்த்தார்கள். அந்த உடையின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் பார்வை பொன்னைச் சுமக்கும் துணியிலேயே போய் நிற்கிறது. இரண்டு முகமாக நெருக்கிப் பின்னிய துணியாகையால் வர்ணத்தையும் கல்லையும் முத்தையும் தாங்கிக்கொண்டு, சுருங்காமலும் தொய்யாமலும் அது தரையில் விரிந்து கிடக்கிறது. அலங்காரம் எவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருந்தாலும் அடித்தளம் நிதானம் இழப்பதில்லை. பட்டாடையின் சம்பிரதாயங்கள் அனைத்தையும் கரைத்துக் குடித்த ஓர் இல்லம், தன் மணப்பெண்ணுக்கு ஸ்கூபாவைத் தேர்ந்தெடுத்ததை நான் வெறும் விநோதமாக ஒருபோதும் எண்ணியதில்லை.

விழுகிற துணிதான் துணி, நிற்கிற துணி அட்டை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆடைக் கலைஞர் மாட்லேன் வியோனேயின் குறுக்கு வெட்டு கிரேப் உடைகளைக் காட்டி, நீர் ஓடுவதுபோல் ஓடும் அந்த லாவண்யத்துக்கு முன் ஸ்கூபா எம்மாத்திரம் என்று கேட்பார்கள். வியோனேயை வணங்குவதில் நான் யாருக்கும் சளைத்தவன் அல்லன். ஆனால் அதே நண்பர்கள், 1958-இல் ஆடை வடிவமைப்பாளர் பாலென்சியாகாவுக்கென்றே உருவான காஸார் பட்டின் விறைப்பையும், அதில் அவர் 1967-இல் சமைத்த மணப்பெண் உடையையும் கண்டு கைகூப்புகிறார்கள். காஸாரில் நிற்பது கலை, ஸ்கூபாவில் நிற்பது பிளாஸ்டிக் என்றால், அவர்கள் மதிப்பது வடிவத்தையா, நூலின் குலத்தையா என்று நான் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன். உஷ்ணத்தைப் பற்றிய புகார் வேறு; அது மெய்யானது. கத்தரி வெயிலில் பாலியெஸ்டரை உடுத்திக்கொண்டு வெளியே போகும்படி நான் எவரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் மார்கழி மாலைக் கச்சேரிக்கு, இடுப்பை விட்டு விலகி நிற்கும் ஒரு ஸ்கூபாப் பாவாடையைப்போல் பாந்தமான வேறொன்றை நான் கண்டதில்லை.

தைக்கும்போதும் இந்தத் துணி தன் கௌரவத்தை விட்டுக்கொடுப்பதில்லை. சாதாரண ஊசி போட்டால் தையல் விட்டுவிட்டு விழும். ஸ்ட்ரெட்ச் ஊசி, அதுவும் புதிய ஊசி, வேண்டும். குண்டூசி குத்திய துளை சில சமயம் மறையாமலே நின்றுவிடுமாகையால் கிளிப் மாட்டுவதே உசிதம். மிஷின் பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோனால் துணி அலையாமல் நகரும். இஸ்திரிக்கு இது எளிதில் பணியாது. சூடு மிகுந்தால் பளபளவென்று கறை விழும். ஆகவே இணைப்பைப் பிரித்துப் படியவைத்து இருபுறமும் மேல்தையல் ஓட்டலாம். அதைவிட மேலாக, ஒரு விளிம்பை மற்றொன்றின்மேல் ஏற்றிவைத்து, ஓரத்தை ஒட்டி ஒரே வரியாகத் தைக்கலாம். அப்படித் தைத்த தோள்பட்டையில் வெட்டு விளிம்பு ஒரு மெல்லிய கோடாக எழுந்து நிற்கும் அழகுக்கு எந்தச் சரிகையும் ஈடாகாது.

எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஸ்கூபாவைக் கண்ணால் கண்டவர் அல்லர். பாப்ளினும் மல்லும்தான் அவருடைய உலகம். வெட்டும்போது கத்தரியின் வாயை நுனிவரை மூடாதே, மூடினால் பல் விழும் என்று ஓயாமல் கண்டிப்பார். பாப்ளினில் அந்தப் பல் மடிப்புக்குள் மறைந்துவிடும் என்பதை அறிந்தும் அவர் விடமாட்டார். மறைகிற இடத்திலும் சுத்தம் வேண்டும் என்ற அந்த வைராக்கியம், எதையும் மறைக்காத துணிக்கு என்னைத் தயார் செய்துவிட்டது.

இன்று ஆயத்த ஆடைக் கடைகளில் தொங்கும் ஸ்கூபா உடைகளைப் பார்த்தால் மனம் கசக்கிறது. மடிக்கவே தேவையில்லாத கீழோரத்தை ஓவர்லாக் அடித்து, மடித்துத் தைத்து, கயிறுபோல் தடிக்கவைத்து, அலை அலையாக நெளியவிடுகிறார்கள். பூப் போட்ட துணியில் சாயம் மேல்முகத்தோடு நின்றுவிடுவதால், முழங்கையை மடக்கினால் உள்ளிருக்கும் வெள்ளை இளித்துக்கொண்டு வெளிவருகிறது. எடை குறைந்த ஏதோ ஒரு பின்னலுக்கு ஸ்கூபா என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். அதில் எடுத்த பெட்டி மடிப்பு, ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே சரிந்துவிடுகிறது.

ஆகையால் ஸ்கூபா உடை வாங்குகிறவர்கள் கழுத்தையும் பூவையும் பிறகு பார்க்கட்டும்; முதலில் கீழோரத்தைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்க்கட்டும். பல்லும் நெளிவும் இல்லாமல், வெட்டியது வெட்டியபடியே துணிச்சலாக விடப்பட்டிருந்தால், அந்த உடையைச் செய்தவனுக்குத் தன் கத்தரியில் நம்பிக்கை இருந்தது என்று அர்த்தம். அத்தகையவன் கேட்கும் கூலியில் பேரம் பேசுவது ரசிகனுக்கு அழகல்ல.