தகுதித் தேர்வும் அரசின் கடமையும்: இந்திய ஆசிரியர் கொள்கை – ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு நாட்டின் ஆசிரியர் கொள்கையை மதிப்பிடுவோர் தெரிவு, பணித்திறன் வளர்ச்சி, பணி ஆதரவு ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். இந்தியத் தொடக்கக் கல்வி விதிகளை அவ்வாறு நோக்கின், ஆசிரியர் கடமை தவறினால் பணியிழக்க நேரும் என்பதும், அரசு கடமை தவறினால் அத்தகைய விளைவு ஏதும் இல்லை என்பதும் புலனாகின்றன.

தெரிவு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 23ஆம் பிரிவின்வழித் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. 150 கொள்குறி வினாக்களால் அமைந்த இத்தேர்வு வகுப்பறைத் திறனை நேரில் காண்பதில்லை. பணித்தெரிவில் கற்பித்தல் செயல்விளக்கமோ நேர்காணலோ இடம்பெற வேண்டும் எனத் தேசியக் கல்விக் கொள்கை 2020 கூறுவது இக்குறையை ஒப்புவதாகவே அமைகிறது. தனித்தியங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களுள் பெரும்பாலானவை பட்டங்களை விலைக்கு விற்கின்றன என்று நீதியரசர் வர்மா ஆணையத்தை (2012) முன்னிறுத்தி அக்கொள்கையே சாடுகிறது. அந்நிறுவனங்களுக்கு ஏற்பளித்ததும் அக்குழுமமே. ஏற்பளிப்பில் நேர்ந்த தளர்வின் சுமையைத் தேர்வின்வழிப் பட்டதாரியே சுமக்கிறார்.

உச்ச நீதிமன்றம் 1.9.2025 அன்று அளித்த தீர்ப்பின்படி, சட்டத்திற்கு முன்பே பணியேற்று, ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியுள்ளோரும் 2 ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் வெல்ல வேண்டும். இல்லையேல் பணி விலக வேண்டும். தரமான கல்வி குழந்தையின் உரிமை என்னும் அடிப்படை மறுக்கத்தக்கதன்று. அதே உரிமை அரசையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வளர்ச்சியும் ஆதரவும்

ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணிநேரப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டுக் கொள்கை. மணிக்கணக்கு வருகையை அளக்குமேயன்றி, வகுப்பறையில் நேர்ந்த மாற்றத்தை அளக்காது. தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரு ஆசிரியர் தேவை என்று சட்டத்தின் அட்டவணை வரையறுக்கிறது. எனினும் 2024–25ஆம் கல்வியாண்டுக்கான ஒன்றிய அரசின் தரவுப்படி ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்திற்கும் மேல் உள்ளன. அங்கு ஆசிரியர் பயிற்சிக்கோ, 27ஆம் பிரிவு விலக்களிக்கும் தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணிகளுக்கோ சென்றால் கற்பித்தலே நின்றுபோகும். காலிப்பணியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் 26ஆம் பிரிவை மீறுவோர்க்குச் சட்டத்தில் தண்டனை ஏதும் கூறப்படவில்லை.

முடிவுரை

தகுதித் தேர்வை நீக்குவது தீர்வாகாது. மாவட்டவாரியான காலிப்பணியிட விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட்டு நிரப்பக் கெடு விதித்தல், பயிற்சிக் காலத்திற்கு மாற்று ஆசிரியரை அமர்த்துதல், பணியிலுள்ளோர்க்கு வகுப்பறை நோக்கலையும் மதிப்பீட்டில் சேர்த்தல் ஆகிய மூன்றும் தேர்வோடு இணைய வேண்டும். ஆசிரியரே இல்லாத வகுப்பறைக்கு ஆசிரியரின் தகுதியை மட்டும் உறுதிசெய்யும் கொள்கையால் பயன் விளையாது.