பட்டியலும் படமும் – ஒரு நூல் மதிப்புரை

வாசகர்களே, ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். இன்று காலை கண் விழித்ததிலிருந்து வீட்டை விட்டுப் புறப்படும்வரை நீங்கள் செய்தவற்றை, செயலுக்கு ஒரு துண்டுத்தாள் வீதம் எழுதுங்கள். பல் துலக்கியது, குளித்தது, சட்டைக்கு இஸ்திரி போட்டது, உண்டது எனப் பல தாள்கள் சேரும். அவற்றை நடந்த வரிசையில் இடமிருந்து வலமாகப் பரப்புங்கள். இப்போது, பேருந்துக்கு ஐந்து நிமிடமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தாள்களை விலக்குவீர்கள்? இஸ்திரியை விடலாம், சட்டையை விட முடியாதல்லவா?

அமெரிக்கரான ஜெஃப் பாட்டன் எழுதி, 2014-ஆம் ஆண்டில் ஓரெய்லி நிறுவனம் வெளியிட்ட ‘யூசர் ஸ்டோரி மேப்பிங்’ என்னும் ஆங்கில நூல், இத்தகைய பயிற்சி ஒன்றைக் கொண்டே தன் முறையைக் கற்பிக்கிறது.

மென்பொருள் ஆக்குவோர், இனிச் செய்யவேண்டிய வேலைகளை ஒரு நீண்ட பட்டியலாக வைத்திருப்பர். ‘பேக்லாக்’ என்பது அதன் பெயர். மேலே இருப்பதை முதலில் செய்வர். கீழே இருப்பது காத்திருக்கும். 1990-களில் கென்ட் பெக் என்பவர், பயன்படுத்துவோரின் தேவை ஒவ்வொன்றையும் ஒரு சிறு ‘கதை’யாக அட்டையில் எழுதும் வழக்கத்தைப் புகுத்தினார். வழக்கம் நல்லதே. ஆனால் நூற்றுக்கணக்கான அட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதும், எது எதற்குப் பின் வருகிறது என்பது மறைந்துவிடுகிறது. உருளையின் நிழல் ஒரு திசையில் வட்டமாகவும் வேறொரு திசையில் செவ்வகமாகவும் விழுவதை இயற்பியல் மாணவர் அறிவர். நிழலை மட்டும் கண்டவர் உருளையை அறியார். பட்டியலும் அத்தகைய நிழலே.

பாட்டன் கூறும் மாற்று எளியது. பயன்படுத்துவோரின் செயல்களை மேல் வரிசையில் காலவரிசைப்படி வையுங்கள். ஒவ்வொரு செயலின் கீழும் அதற்குரிய நுணுக்கங்களை, இன்றியமையாதவை மேலே வரும்படி அடுக்குங்கள். பின்னர்க் குறுக்கே ஒரு கோடு இடுங்கள். கோட்டுக்கு மேலுள்ளவையே முதல் வெளியீடு. அது எளியதாயினும், தொடக்கம் முதல் முடிவுவரை பயன்படும்.

இதன் அருமையை நான் பட்டறிந்தேன். செய்முறைத் தேர்வு மதிப்பெண்களைப் பதிவு செய்ய, நானும் நண்பர் ஒருவரும் ஒரு நிரல் எழுதினோம். சராசரி காண்பது, வகுப்புவாரியாக அச்சிடுவது எனப் பட்டியலில் இருந்த அனைத்தையும் முடித்தோம். தேர்வன்று ஒரு மாணவர் வரவில்லை. வராதவரைக் குறிக்க எங்கள் நிரலில் இடமே இல்லை! சுழி இட்டால், வந்தும் ஒன்றும் செய்யாதவர் என்றாகிவிடும். தேர்வாளர் பேனாவை எடுத்துத் தாளிலேயே எழுதிவிட்டார். தேர்வாளரின் ஒரு நாளைத் தாள்களாகப் பரப்பியிருந்தால், ‘வருகை பார்த்தல்’ என்ற தாளிலேயே எங்கள் பிழை தெரிந்திருக்கும்.

உண்மையில் தெரிந்திருக்குமா? இங்கேதான் இம்முறையின் எல்லை இருக்கிறது. தேர்வாளரைக் கேளாமல் நாங்களே படம் வரைந்திருந்தால், அந்தத் தாளே விடுபட்டிருக்கக்கூடும். சுவரில் ஒட்டிய படம் பார்வைக்கு உண்மை போலத் தோன்றும். ஆயினும் அது கருதுகோளே. பாட்டன் இதை அறியாதவர் அல்லர். சிறிதளவு செய்து, பயன்படுத்துவோரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுமாறு அவரே வற்புறுத்துகிறார். ஆனால் நூலின் பெயர் படத்தையே முன்னிறுத்துவதால், அவசர வாசகர் படத்தைப் பற்றிக்கொண்டு சோதனையை விட்டுவிடுவார்.

இன்னொரு குறையும் உண்டு. பதிந்த மதிப்பெண்ணைப் பிறர் மாற்றாதபடி காப்பது எந்தத் தாளின் கீழ் வரும்? அது எல்லாத் தாள்களுக்கும் பொதுவானது. காலவரிசையில் அதற்குத் தனி இடமில்லை. இத்தகைய பொதுத் தேவைகளை ஆசிரியர் இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நிறுவனங்களைச் சார்ந்தவை என்பதால், மாணவர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்கவேண்டும்.

எனினும், படிக்கத்தக்க நூல் இது. கணிப்பொறி பயிலும் மாணவர்களே, நிரல் எழுதுமுன் தாள்களைப் பரப்புங்கள். தாள்களைப் பரப்புமுன், அந்த நிரலைப் பயன்படுத்தப்போகிறவர் அருகில் ஒரு நாள் அமர்ந்து பாருங்கள்.